பேசச் சொல்கிறோம், கேட்பது யார்?

ராஜேஸ்வரி அப்பாவு வாய்மூடி இருந்தவர் அல்லர். ஈஷா என்ற பெயரில் டிக்டாக்கில் பலருக்கு அறிமுகமானவர். தம்மீது நடந்த இணையப் பகடிவதையை வெளிப்படையாகச் சொன்னார்; கோலாலம்பூரில் போலீஸ் புகாரும் கொடுத்தார். மறுநாள், 2024 ஜூலை 5 அன்று, உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த விவகாரத்தில் ஒருவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 100 வெள்ளி. நாடே கொதித்தது. நீதிமன்றத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. 1955ஆம் ஆண்டின் சிறு குற்றச் சட்டப் பிரிவு அனுமதித்த உச்ச அபராதமே அவ்வளவுதான்.

அக்டோபர் 10, உலக மனநல நாள் வந்துவிட்டால் "மனம் விட்டுப் பேசுங்கள்" என்று எல்லா மேடைகளிலும் சொல்கிறோம். நல்ல வார்த்தைதான். ஆனால் அது முழுப் பொறுப்பையும் நொந்து கிடப்பவர் தலையிலேயே கட்டிவிடுகிறது. கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரிடையே பேசத் துணிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொள்ளவும், அடுத்து எங்கே போவது என்று வழிகாட்டவும்தான் ஆள் போதவில்லை.

சட்டம் நம்மைவிடக் கொஞ்சம் முன்னே போயிருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரை ஓராண்டு வரை சிறையில் அடைக்கலாம் என்று சொன்ன மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 309ஆம் பிரிவை நீக்க, 2023 மே 22 அன்று மக்களவை வாக்களித்தது. வெள்ளைக்காரன் இந்தியாவுக்கு எழுதிய சட்டத்தின் வாரிசு அது. இலங்கை 1998லேயே அத்தகைய பிரிவைக் கைவிட்டது, சிங்கப்பூர் 2020இல். நாம் பிந்தித்தான் வந்தோம். உதவி கேட்டு வாய் திறப்பதே குற்றத்தை ஒப்புக்கொள்வதாக இருந்த நாட்டில், யார் மனம் விட்டுப் பேசியிருப்பார்கள்? ஈஷாவின் மரணத்துக்குப் பிறகு, 2024 டிசம்பரில் பகடிவதைக்கென்றே புதிய பிரிவுகள் நிறைவேறி, 2025 ஜூலையில் நடப்புக்கு வந்தன. பாதிக்கப்பட்டவர் தற்கொலைக்குத் தள்ளப்பட்டால், தள்ளியவருக்குப் பத்தாண்டு வரை சிறை.

சட்டம் மாறிய அளவுக்கு வீடு மாறவில்லை. பேராக்கின் தஞ்சோங் ரம்புத்தானில் மனநல மருத்துவமனை தொடங்கியது 1911இல். நூறாண்டு கடந்தும் அந்த ஊர்ப் பெயர் நம்மிடையே ஏச்சாகத்தான் புழங்குகிறது. பிள்ளைகள் சண்டையில் அதைச் சொல்லித் திட்டுகிறார்கள்; பெரியவர்கள் கல்யாணப் பேச்சில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்கிறார்கள். பெண்ணுக்குச் சர்க்கரை நோய் என்றால் சமாளித்துவிடலாம், மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறாள் என்றால் சம்பந்தம் முறியும். 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ பத்து லட்சம் பேருக்கு மனச்சோர்வு என்றது. 2019இல் 2.3 விழுக்காடு, 2023இல் 4.6. இத்தனை பேரில் நம் வீட்டார் மட்டும் இல்லாமல் போவார்களா?

துணிந்து கிளம்புகிறவருக்கு வழி இல்லாமலில்லை. அரசு கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. அங்கிருந்து மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு எழுதித் தருவார்கள். பணம் அங்கே பெரிய தடையில்லை. தடை, மருத்துவருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் தொடங்குகிறது. தோட்டத்தில் பிறந்து, தோட்டம் விற்கப்பட்டதும் கிள்ளானில் அடுக்குமாடிக்கு வந்துவிட்ட ஓர் அம்மாவை எண்ணிப் பாருங்கள். "நெஞ்சு படபடங்குது, தூக்கம் வரல, தலை பாரமா இருக்கு" என்றுதான் அவர் தொடங்குவார். மருத்துவர் மலாயில் கேட்கிறார், பேத்தி மொழிபெயர்க்கிறாள். மகன் குடித்துவிட்டு அடிப்பதையோ, விடியற்காலையில் எழும்போது சாகத் தோன்றுவதையோ பேத்தியின் வாய்வழியாக எந்தப் பாட்டி சொல்வார்? இரத்த அழுத்த மாத்திரையோடு வீடு திரும்புவார். சந்தைக்குப் போய்க் காய் வாங்கும் அளவுக்கு அவருக்கு மலாய் வரும். அழுவதற்கு அது போதாது.

அதனால் அவரைப் போன்றவர்கள் முதலில் போவது கோயிலுக்கு, அல்லது சாமி பார்ப்பவரிடம். இதைக் கேலி செய்யும் படித்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தமிழ்நாட்டில் ஒரு கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை ஆராய்ந்து 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரை, மருந்தே இல்லாமல் அவர்களின் நோய்க்குறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாகப் பதிவு செய்தது. அடைக்கலம், அதட்டாத மனிதர்கள், அன்றாட ஒழுங்கு ஆகியவை செய்த வேலை அது என்றே நான் கொள்கிறேன். அதற்கு முந்தைய ஆண்டுதான், 2001 ஆகஸ்ட் 6 அன்று, அதே தமிழ்நாட்டின் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளுக்கான காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். நம்பிக்கையின் பெயரால் இரண்டும் நடந்திருக்கின்றன. எது மருத்துவரிடம் போக வேண்டியது என்று அறிந்த ஒருவர் அங்கே இருந்தாரா என்பதைப் பொறுத்தே விளைவு மாறும்.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் திருவிழாவுக்குப் பந்தலும் அன்னதானமும் குறைவற நடக்கின்றன. ஒவ்வொரு பெரிய கோயிலும் மாதத்தில் சில மாலைகளாவது பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவருக்கு ஓர் அறையைத் தரலாம். மண்டபத்தில் வேண்டாம், யார் வந்து போனார் என்று மற்றவர் பார்க்காத இடமாக இருக்கட்டும். பூசாரிக்கும் சாமி பார்ப்பவருக்கும் ஒரு நாள் பயிற்சி, கையில் ஒரு தொலைபேசி எண், போதும். இந்தியர்களின் மேம்பாட்டுக்கென மித்ரா என்ற அரசுப் பிரிவுக்கு ஆண்டுக்குப் பத்துக் கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டு வந்திருக்கிறது. அதில் ஒரு பகுதியைத் தமிழில் ஆலோசனை சொல்லக்கூடிய உளவியலாளர்களை உருவாக்க எடுத்து வைப்பதை யார் தடுக்கிறார்கள்? கணினி வகுப்புக்கும் தொழில் பயிற்சிக்கும் கேட்கத் தெரிந்த நம் தலைவர்கள் இதையும் கேட்க வேண்டும்.

அதுவரை இந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்டாலிங் ஜெயாவில் இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு 1970 முதல் நொந்தவர் சொல்வதைக் கேட்கும் வேலையைச் செய்கிறது. 03-7627 2929 என்ற எண்ணில் இரவும் பகலும் பேசலாம், தமிழ் பேசும் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555.