ஒரு பிடித் துவையலுக்கு

பிள்ளைகள் வெளியூர் சென்றபின் இருவர் மட்டும் எஞ்சிய இல்லங்களில் சமையல் சுருங்கிவிடுகிறது, பாத்திரங்கள் சுருங்குவதில்லை. எட்டுப் பேருக்கு அரைத்த பெரிய ஜாரில் இரண்டு கீற்றுத் தேங்காயையும் ஒரு மிளகாயையும் இட்டால் அவை சுவரில் தெறித்து ஒட்டிக்கொள்ள, கத்தி வெறுமையாகச் சுழல்கிறது. நீர் விட்டால் துவையல் சட்னியாகிறது. ஆகவே பலர் இரண்டு நாளைக்கு வேண்டியதைச் சேர்த்து அரைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கின்றனர். அன்றன்று சமைத்ததையே நிவேதனம் செய்து உண்டு பழகியவர்களுக்கு இது மனத்தை உறுத்தும் காரியம்.

குறை பெரும்பாலும் மோட்டாரில் இல்லை; ஜாரின் அடிப்பகுதியில் இருக்கிறது. அடி அகன்று, கத்தி உயர்ந்து நின்றால் சிறிதளவு பண்டம் அகப்படாது. 300 அல்லது 400 மில்லி கொள்ளும் சட்னி ஜாரில் அடி குறுகியிருக்கும். கடைக்காரர் வாட்ஸ் கணக்கைச் சொல்லத் தொடங்குமுன் மூடியைத் திறந்து, கத்தி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்ப்பதே முதற்காரியம். வீட்டு மிக்ஸி நன்றாக ஓடுமாயின் புதியது வேண்டா. அதே மாதிரிக்குப் பொருந்தும் சிறு ஜார் ஒன்றே போதும். இரண்டு மிளகும் ஒரு துண்டு இஞ்சியுமே தேவையென்றால், சிறு கல்லுரலை வெல்லும் இயந்திரம் இன்னும் வரவில்லை.

கயிற்றை இழுத்து நறுக்கும் சாப்பருக்கு மின்சாரம் வேண்டா. பீன்ஸ், கேரட் ஆகியவற்றைப் பொடியாக நறுக்கித் தரும், துவையல் அரைக்காது. மூட்டுவலியுள்ள விரல்களுக்கு அந்த இழுப்பே கடினமாகலாம். யார் பயன்படுத்தப் போகிறாரோ அவரே கடையில் இழுத்துப் பார்க்க வேண்டும்.

பல் இழந்த முதியவருக்காக வாங்குவோர் மற்றொன்றையும் அறிதல் நலம். சாதத்தை மிக்ஸியில் ஓட்டினால் பசையாகித் தொண்டையில் ஒட்டும். வெந்த காயை மட்டும் ஓரிரு நொடி விட்டு விட்டுச் சுற்றி, குழைந்த சாதத்தைக் கையால் மசித்துக் கலப்பதே உண்பவருக்கு இதம். கொதிக்கும் பண்டத்தை மூடி அரைத்தால் ஆவி மூடியைத் தள்ளிக் கையைச் சுட்டுவிடும்; ஆறிய பின்னரே அரைக்க வேண்டும்.

நிவேதனத்திற்கெனத் தனி ஜார் வைப்போர் மூடியின் ரப்பர் வளையத்தையும் கவனிக்க வேண்டும். எஃகு பளிச்சென்று இருந்தாலும் வெங்காயம், பூண்டின் வாடை அவ்வளையத்திலேயே தங்குகிறது. அதைக் கழற்றிக் கழுவி உலர்த்தலாம். போகாவிடில், வளையத்தை மட்டும் புதிதாக வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம்.