ரிப்போர்ட்டில் ஒரு கூடுதல் எக்ஸ்



கல்யாணமாகி ஆறு மாதம் ஆனால் போதும், "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்க ஆள் வந்துவிடும். கேள்வி மருமகளிடம்தான் போகும். ஸ்கேன், ஹார்மோன் டெஸ்ட், திருக்கருகாவூர் கோவில் நெய் என்று அவள் எல்லாவற்றையும் பார்த்து ஓய்ந்த பிறகே வீட்டுக்காரர் லேபுக்குக் கிளம்புவார். அவரும் முதல் மாதமே போக வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

விந்துப் பரிசோதனையில் ஓர் உயிரணுகூட இல்லை என்று வரும் ஆண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் காரணம் ஒரு கூடுதல் எக்ஸ் குரோமோசோம். எக்ஸ், ஒய் என்று இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸ், எக்ஸ், ஒய் என்று மூன்று. 1942ல் பாஸ்டனில் ஹாரி க்ளைன்ஃபெல்டர் என்ற இளம் டாக்டரும் அவருடைய மூத்தவர்களும் ஒன்பது ஆண்களை வைத்து இதை விவரித்தார்கள்; அப்போது ஹார்மோன் கோளாறு என்றே நினைத்தார்கள். 1959ல் எடின்பரோவில் பட்ரீஷியா ஜேக்கப்ஸும் ஜான் ஸ்ட்ராங்கும் குரோமோசோமை எண்ணிப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஆண் குழந்தைகளில் சுமார் 600க்கு ஒருவருக்கு இது உண்டு. பரம்பரையாக வருவதில்லை. பெரும்பாலும் சினைமுட்டையோ உயிரணுவோ உருவாகும் சமயத்தில் தற்செயலாக நேர்வது. தாய் வழியாகவும் நேரலாம், தந்தை வழியாகவும் நேரலாம். யார் மேலும் பழி இல்லை.

இவர்களில் பெரும்பாலோருக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விடுகிறது. மீசை முளைக்கும், தாம்பத்யமும் சரியாக இருக்கும். சற்று உயரமாக இருப்பார்கள், அவ்வளவுதான். விரை மட்டும் சிறுத்து, கெட்டியாக இருக்கும். விரையின் அளவை ஒப்பிட்டுப் பார்க்கச் சில டாக்டர்கள் மேஜை இழுப்பறையில் ஒரு மணிக்கோவை வைத்திருப்பார்கள்: 1 மில்லியில் தொடங்கி 25 மில்லி வரை பன்னிரண்டு மணிகள். வயது வந்த ஆணுக்குப் பொதுவாக 15க்கு மேல் இருக்க வேண்டும். இவர்களுக்கு ஐந்தைத் தொடுவதே அபூர்வம். வேட்டியை அவிழ்க்கக் கூச்சப்பட்டு ரிப்போர்ட்டை மட்டும் நீட்டினால் இந்தத் தடயம் தப்பிவிடும்.

உறுதி செய்ய, கையில் ரத்தம் எடுத்தால் போதும். வெள்ளணுக்களை மூன்று நாள் வளர்த்து, அவை பிரியும் தறுவாயில் நிறுத்தி, குரோமோசோம்களைப் படமெடுத்து ஜோடி ஜோடியாக அடுக்குவார்கள். எண்ணினால் 46க்குப் பதில் 47.

முன்பெல்லாம் இதோடு கதை முடிந்தது. இப்போது மைக்ரோஸ்கோப் வைத்து விரையைத் திறந்து தேடினால், ஏறக்குறைய பாதிப் பேருக்கு எங்கோ ஒரு மூலையில் உயிரணு கிடைக்கிறது. அதில் ஒன்றை எடுத்துச் சினைமுட்டைக்குள் ஊசியால் செலுத்துகிறார்கள். அப்படிப் பிறந்த குழந்தைகள் பெரும்பாலும் இயல்பான குரோமோசோம்களோடுதான் இருக்கிறார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "ஆண்மை கூடும்" என்று எவராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால், மிச்சமிருக்கும் உயிரணு உற்பத்தியும் படுத்துவிடும். குழந்தை வேண்டும் என்றால் ஊசிக்கு முன்பே அதைப் பேசுங்கள். ஆனால் ஹார்மோன் குறைந்திருப்பவருக்கு எலும்பு பலத்துக்காகப் பின்னால் அதே ஊசி தேவைப்படலாம். இவர்களுக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பும் அதிகம் என்பதால், குழந்தை வேண்டாம் என்பவருக்கும் குரோமோசோம் டெஸ்ட் வீண் இல்லை.

உயிரணு இல்லாமல் போக இன்னொரு காரணமாக, ஒய் குரோமோசோமில் ஒரு துண்டு காணாமல் போவதும் உண்டு. ஏ, பி, சி என்று டாக்டர்கள் பெயரிட்டிருக்கும் பகுதிகளில் எந்தத் துண்டு என்பதுதான் முக்கியம். ஏ அல்லது பி பகுதி முழுசாகப் போயிருந்தால் ஆபரேஷன் செய்து தேடிப் பயனில்லை. சி பகுதி மட்டும் என்றால் தேடலாம்; ஆனால் பிறக்கும் மகனுக்கும் அதே குறை போகும். அதைத் தம்பதியிடம் முன்கூட்டியே சொல்லாத சென்டருக்குப் பணம் கட்டாதீர்கள்.

கேள்விகள் இருந்தால் எழுதுங்கள், ஆண்களும் எழுதலாம். பெயர், ஊர் எதையும் அச்சிட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்