வண்டிக்கு ஒரு வரைபடம் வேண்டும்

கார் வைத்திருப்போர் படிக்கவேண்டிய கட்டுரை இது என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், நண்பர்களே. எங்கள் வீட்டில் கார் கிடையாது. என் ஊர் கொல்லிமலையில் வாழவந்தி நாடு. அங்கே மிளகையும் பலாவையும் கீழே இறக்குவதற்கும், பிரசவ வலி கண்டவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பதற்கும் ஒரே வண்டிதான். என் சித்தப்பாவின் பிக்கப் அப்படிப்பட்ட வண்டி.

சென்ற ஆனி மாதம் நாமக்கல்லில் பலாவை இறக்கிவிட்டு இரவில் திரும்பிக்கொண்டிருந்தோம். காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டென்பதைச் சுற்றுலா வந்தவர்கள் அறிவார்கள். அதில் பாதிகூட ஏறியிருக்கமாட்டோம். முன்விளக்கு இரண்டும் ஒருசேர அணைந்துவிட்டன. மேகம் வேறு இறங்கியிருந்தது. பின்னால் வந்த லாரியை முன்னே விட்டு, அதன் சிவப்பு விளக்கைப் பார்த்தபடியே செம்மேடு வந்து சேர்ந்தோம். அந்த இரவை நினைத்தால் இன்றும் உள்ளங்கை வியர்க்கிறது.

மறுநாள் மெக்கானிக் அண்ணன் வந்தார். பழைய ஜீப் என்றால் அவருக்குக் காகிதமே வேண்டாம். இந்த வண்டிக்காக யாரிடமோ கெஞ்சி வாங்கிய ஒயரிங் படத்தின் ஜெராக்ஸ் ஒன்று அவரிடம் இருந்தது. வண்டியின் பெயர் அதேதான்; ஆனால் படம் முந்தைய மாடலுக்கு உரியது. அதில் சுவிட்ச் வழியாக மின்சாரம் ரிலேக்குப் போகிறது. எங்கள் வண்டியிலோ ரிலேக்கு மின்சாரம் முன்பே வந்து காத்திருக்கும். மின்னணுப் பெட்டி அதன் மறுமுனையை எர்த்தோடு சேர்த்தால்தான் விளக்கு எரியும். தாளை நம்பிய அண்ணன் அந்த ஒயருக்கு பாட்டரியின் பாசிட்டிவைக் கொடுத்தார். பெட்டியில் விளக்குக்கான பகுதி கருகிப்போயிற்று.

பகலில் மெல்ல மலையிறங்கி, கம்பெனி அங்கீகரித்த பணிமனையில் வண்டியை விட்டோம். புதுப் பெட்டி வரப் பதினொரு நாள் ஆயிற்று. பலா மரத்தடியிலேயே அழுகி ஈ மொய்த்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், பெட்டியை மாற்றியும் விளக்கு எரியவில்லை! முதற்கோளாறு, இரண்டு விளக்குக்கும் பொதுவான எர்த் போல்ட் துருப்பிடித்ததுதான். உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினார்கள், எரிந்தது. சரியான படம் இருந்திருந்தால் அண்ணன் அதைக் கால்மணியில் கண்டுபிடித்திருப்பார். அந்தப் படத்தில் ஒரு நகல் கேட்டேன். "வெளி ஆளுக்குத் தரக் கூடாது தம்பி" என்றார்கள். வண்டிக்குப் பணம் கட்டிய என் சித்தப்பா வெளி ஆளாம்!

"படிக்காத மெக்கானிக் கெடுத்துவிட்டான்" என்று சொல்வது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. முன்னாளில் இந்தப் படம் இரகசியமாக இருந்ததில்லை. அம்பாசடர் போன்ற வண்டிகளுக்கான கையேடுகளில் ஒயரிங் படம் அச்சாகி வந்தது. லூக்காஸ் நிறமுறையில் பழுப்பு என்றால் பாட்டரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை, சாவி திருகியபின் உயிர் பெறுவது, கறுப்பு, எர்த். இந்த மூன்றையும் நெட்டுருப் போட்டவன் பாதி மெக்கானிக். இன்றைய வண்டிகளிலோ கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறுகிறது; ஒரே வண்டியில் ஆண்டுக்கு ஆண்டும் மாறுகிறது. படத்தின் தேவை கூடியிருக்கும் காலத்தில்தான் அதைப் பூட்டி வைக்கிறார்கள்.

இது வெறும் மலைவாசியின் புலம்பல் அன்று. தனி மனிதர் ஒருவர் 2011-இல் மூன்று கார் நிறுவனங்கள்மீது கொடுத்த புகார் விரிந்து, 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 நிறுவனங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. உதிரிபாகங்களையும், பழுதறியும் கருவிகளையும், தொழில்நுட்பக் கையேடுகளையும் வெளிப் பணிமனைகளுக்குக் கிடைக்காமல் செய்தது தவறென்று கூறி, சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. அபராதம் மேல்முறையீட்டுக்குப் போனது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-இல் மக்களே வாக்களித்து இவ்வுரிமையைப் பெற்றார்கள். நம் மைய அரசும் 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது. அதன் பட்டியலில் மோட்டார் வாகனமும் உண்டு.

பயிற்சியற்றவர் கைவைத்தால் ஆபத்து என்பது கம்பெனிகளின் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. எங்கள் பெட்டி கருகியதே! ஆனால் அது கருகியது படம் கிடைத்ததாலா, தவறான படம் கிடைத்ததாலா? எழுபது வளைவுக்குக் கீழேதான் பணிமனை என்னும்போது, விளக்கில்லா வண்டியை மேலேயே சரிசெய்ய முடியாதிருப்பதுதான் பெரிய ஆபத்து. வண்டி விற்கும்போதே, அந்த ஆண்டுக்கும் அந்த மாடலுக்கும் உரிய படத்தை, தமிழ்க் குறிப்போடு கையில் கொடுக்கவேண்டும் என்பது என் கருத்து.

அதுவரை கிடைக்கும் படத்தைச் சோதித்தே நம்பவேண்டும். ஃபியூஸ் பெட்டியின் மூடியில் உள்ள எண்ணும் படத்தின் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பாருங்கள். பிறகு ஏதேனும் இரண்டு ஒயர்களின் நிறத்தை வண்டியோடு ஒப்பிடுங்கள். ஒன்று பிசகினாலும் தாளை மடித்து வைத்துவிடலாம். மின்னணுப் பெட்டி உள்ள வண்டியில் டெஸ்ட் லாம்ப் வேண்டாம், மல்டிமீட்டர்தான் நல்லது. இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஓம் விதிக்காக அதைத் தொட்டுவிட்டு, மார்க் வாங்கியதும் மறந்துவிடுகிறோமே, அதே மல்டிமீட்டர்!

விடுமுறையில் அண்ணனோடு உட்கார்ந்து, ஒவ்வொரு ஒயராக அளந்து, எங்கள் வண்டியின் முன்விளக்குச் சுற்றை ஒரு சார்ட் தாளில் வரைந்தேன். ஆண்டு, மாடல், அளந்த தேதி எல்லாம் மேலே எழுதியிருக்கிறேன். அது இப்போது அண்ணன் கடைச் சுவரில் தொங்குகிறது. எர்த் போல்ட் இருக்குமிடத்தைச் சிவப்பு மையில் அவரே வட்டமிட்டுக்கொண்டார். அடுத்து வைப்பருக்கும் வரைந்து தரச் சொல்கிறார். மழைக்காலத்துக்குள் முடிக்கவேண்டும், வகுப்பில் யாரேனும் உடன் வருவதானால் சோறு எங்கள் வீட்டில்.