ஒரு ஜோடி போதும்

பிளாக்கோம்ப் மலையில் லிஃப்ட் நாற்காலியில் பக்கத்தில் உட்கார்ந்த ஒருத்தர் என் ஸ்கீயை ஒரு பார்வை பார்த்தார். பவுடருக்கு ஒரு ஜோடி, பார்க்குக்கு ஒரு ஜோடி வைத்துக்கொள்ளாதவன் இரண்டையுமே சீரியஸாக எடுத்துக்கொள்ளாதவன் என்றார். மேலே போய்ச் சேரும்வரை அதையே பேசிக்கொண்டு வந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதலில் அவர் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன், அது ஒன்றும் முட்டாள்தனம் இல்லை. ராத்திரி முழுக்கக் கொட்டிய, யாரும் மிதிக்காத புதுப்பனிதான் பவுடர். அதில் ஸ்கீ மிதக்க வேண்டும், அதற்குப் பரப்பளவு வேண்டும். காலுக்கடியில் 110 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், மேல்நோக்கி வளைந்த முனை, நடுவிலிருந்து ஆறேழு சென்டிமீட்டராவது பின்னால் தள்ளிப் பொருத்திய பைண்டிங். பார்க் என்பது கிக்கரும் இரும்பு ரெயிலும் வைத்துச் செதுக்கிய இறுகிய பாதை. அங்கே கேட்பது நேரெதிர். அகலம் 85, 90 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட நட்டநடுவில் பைண்டிங், அப்போதுதான் காற்றில் சுற்றும்போது முன்னும் பின்னும் ஒரே எடை. ரெயிலில் மோதித் தாங்குகிற தடித்த விளிம்பும் வேண்டும். நடுவில் பொருத்திய ஸ்கீயைப் பவுடருக்குக் கொண்டுபோனால் முன்னால் நீளம் பத்தாமல் முனை அமுங்கும், நீங்கள் தலைகுப்புற. எல்லாம் சரிதான்.

ஆனால் இதிலிருந்து "ரெண்டு ஜோடி வாங்கு" என்ற முடிவுக்கு எப்படிப் போகிறார்கள்? ஒரு நல்ல ஜோடியும் பைண்டிங்கும் சேர்ந்தால் ஆயிரம் டாலரைத் தாண்டுகிறது. லிஃப்டில் வேலை பார்த்துக்கொண்டு, ஆறு பேர் சேர்ந்து ஒரு வீட்டில் படுத்துக்கொண்டு ஸ்கீ பண்ணும் பிள்ளைகள்தான் பார்க்கில் பாதிப் பேர். அவர்களிடம் போய் இதைச் சொல்வது அறிவுரை இல்லை, வாசலில் நின்று டிக்கெட் கேட்பது. காலையில் பவுடர், பதினொரு மணிக்கெல்லாம் அது உழுது போட்ட வயல், மத்தியானம் பார்க் என்பதுதான் நிஜமான ஒரு நாள். நடுவில் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடி ஸ்கீ மாற்றிக்கொண்டு வர யாருக்கு முடியும்?

இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்பதையும் மறந்துவிடுகிறார்கள். 1990களில் பார்க் என்பது ஸ்னோபோர்டுக்காரர்களின் இடம். பல மலைகளில் ஸ்கீயர்களை உள்ளேயே விடவில்லை. இதே பிளாக்கோம்ப் பனியாற்றில் கோடைக்கால மோகல் முகாம்களில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த மைக் டக்ளஸ், ஜேபி ஒக்லேர் போன்றவர்கள் பின்முனையும் வளைந்த ஒரு ஸ்கீ வேண்டும் என்று கம்பெனி கம்பெனியாகக் கேட்டார்கள். சாலமன் ஒத்துக்கொண்டது, 1998இல் டென்எய்ட்டி வந்தது. பின்பக்கமாக வந்து இறங்கினால் வால் பனியில் குத்தி நிற்காமலிருக்க அந்த வளைவு வேண்டும். அது ரெயிலுக்கும் பொருந்தும், பவுடருக்கும் பொருந்தும். இரட்டைமுனை ஸ்கீ பிறக்கும்போதே இரண்டு பக்கத்துக்கும் பிள்ளைதான். காண்டிட் தோவெக்ஸ் 2007இல் எக்ஸ் கேம்ஸ் ஸ்லோப்ஸ்டைலில் தங்கம் வாங்கினார், 2010இல் ஃப்ரீரைட் வேர்ல்ட் டூர் பட்டத்தையும் வாங்கினார். அவர் எத்தனை ஜோடி வைத்திருந்தார் என்பதல்ல என் கணக்கு. மனுஷன் ரெண்டாகப் பிரியவில்லை, கடை அலமாரிதான் பிரிந்தது.

சரி, எதிர்முகாமுக்கு வருவோம். அவர்கள் இன்னும் மோசம். "இது எல்லாம் பண்ணும்" என்று 116 மில்லிமீட்டர் ஒன்றை என் தலையில் கட்டினார் ஒரு கடைக்காரர். முதல் சீசனில் முழங்கால் ஆழம் பனி விழுந்தது ஐந்தே நாள். மிச்ச நாளெல்லாம் அந்தப் படகை இறுகிய பனியில் ஒரு விளிம்பிலிருந்து இன்னொரு விளிம்புக்குப் புரட்டிப் புரட்டி முழங்கால்தான் வலித்தது. பார்க்கில் அரைச் சுற்று சுற்றுவதற்குள் தரை வந்துவிடும். பைண்டிங்கை முன்னால் நகர்த்தலாம் என்று போனால், பழைய துளைக்குப் பக்கத்தில் புதுத் துளை போட்டால் உள்ளே இருக்கும் மரம் தாங்காது என்றார்கள். ஒரு இடம் தேறியது, போட்டேன். மார்ச்சில் ஒரு ரெயிலில் விளிம்பு பிளந்தது.

ஷேன் மெக்கான்கி பவுடர் என்பது ஐஸ் மாதிரி இல்லை, தண்ணீர் மாதிரி என்று நினைத்துத்தான் ஸ்பாட்டுலாவை உருவாக்கினார். அது 2002இல் வந்தது. பிறகு வந்த பாண்டூனுக்குக் காலடியில் 130 மில்லிமீட்டர். அந்த மனுஷன் தண்ணீருக்குப் படகு செய்தார். அதைத் தார்ரோட்டிலும் ஓட்டலாம் என்று விற்றவர்கள் வேறு ஆட்கள்.

அப்போ எதை வாங்குவது? என் கட்சி இது: பார்க் பக்கத்திலிருந்து ஆரம்பித்துப் பவுடரை நோக்கி நகருங்கள், மறுபக்கத்திலிருந்து வராதீர்கள். பவுடரில் தப்பு பண்ணினால் பெரும்பாலும் மெத்தையில் விழுவீர்கள். ரெயிலில் தப்பு பண்ணினால் இரும்பில். 100லிருந்து 106 மில்லிமீட்டர், காலடியில் கேம்பர், இரண்டு முனையிலும் ராக்கர். அடாமிக் பென்ட் 100, ஆர்மாடா ஏஆர்வி 106 வகையறா. பழையது கிடைத்தால் பழையதே போதும், ஆனால் துளைகளை எண்ணிப் பாருங்கள். பைண்டிங்கை நடுவிலிருந்து மூன்று சென்டிமீட்டர் பின்னால் வையுங்கள். நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், உங்கள் உயரத்துக்கு ஒட்டி எடுங்கள். அமுங்காமல் காப்பாற்றுவதில் பாதி வேலை நீளத்துடையது.

இடுப்பளவு பனி விழும் நாளில் இந்த ஜோடி திணறும். 120இல் வருகிறவர் உங்களைத் தாண்டிப் போவார், கையும் அசைப்பார். குளிர்காலம் முழுக்க அப்படிப்பட்ட பனி விழும் ஊரில், ஹொக்கைடோவில், இருப்பவர்களுக்கு நான் எழுதவில்லை. போட்டியில் ஸ்லோப்ஸ்டைல் ஆடுகிறவர்களுக்கும் இல்லை.

என்னுடையது இப்போது அப்படித்தான் இருக்கிறது, மைனஸ் மூன்று. கடையில் துளை போட்ட பையன் "நிச்சயமா?" என்று இரண்டு தடவை கேட்டான். வீட்டுக்கு வந்து பூட்ஸுக்கு நேர் கீழே மட்டும் விளிம்பை அரத்தால் மழுங்கடித்தேன், ரெயிலில் சிக்காமலிருக்க. ஐஸில் பிடிப்பு கொஞ்சம் குறைந்துவிட்டது. குறையட்டும்.