மிஸ்ஸியின் கையெழுத்து

வார்டில் ‘மிஸ்ஸி’ என்று கூப்பிடப்படும் தாதி எழுதி வைக்கும் குறிப்பை, வழக்கு என்று ஒன்று வரும்வரை யாரும் நின்று வாசிப்பதில்லை. வந்தபிறகோ எல்லோரும் அதைத்தான் தேடுகிறார்கள். இரத்த அழுத்தம் எத்தனை மணிக்கு இறங்கியது, மருத்துவருக்கு எப்போது போன் போனது, அவர் எப்போது வந்தார், வயிற்றுக் குழந்தையின் இதயத் துடிப்பைப் பதியும் சி.டி.ஜி. தாளில் கோடு எங்கே சரிந்தது என்றெல்லாம். அந்தத் தாள் சூட்டில் அச்சாவது. நாளாக ஆக எழுத்து மங்கிவிடும். கையோடு நகலெடுத்து வைக்க வேண்டும் என்பதைச் சட்டக் கல்லூரி சொல்லித் தராது. பிரசவ வார்டில் இரவு ஷிஃப்ட் பார்த்தவருக்குத் தெரியும்.

இப்படிக் கோப்பை வாசித்து வழக்கறிஞருக்குக் காலவரிசை போட்டுத் தருவது அமெரிக்காவில் தனித் தொழில்; செய்பவருக்குச் சட்டத் தாதி ஆலோசகர் என்று பெயர். 1989இல் அதற்கெனச் சங்கமே அமைத்தார்கள். அங்கே சான்றிதழ்த் தேர்வெழுத ஐந்தாண்டு தாதிமை அனுபவமும் இத்துறையில் 2,000 மணி நேர வேலையும் வேண்டும். நம் பினாங்கில் 1924இல் தொடங்கிய அட்வெண்டிஸ்ட் மருத்துவமனை தொடங்கி லாம் வா ஈ, ஐலண்ட் என்று தனியார் மருத்துவமனைகள் வரிசை கட்டி நிற்கின்றன. இந்தோனேசியாவின் மேடானிலிருந்து விமானமேறி வந்து படுக்கிறார்கள். லைட் ஸ்திரீட் உயர்நீதிமன்றமும் தொலைவில் இல்லை. ஆனால் மலேசியாவின் 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்துக்குத் தாதியைத் தெரியும். சட்டத் தாதி ஆலோசகரைத் தெரியாது. அதற்காக, இணையத்தில் விற்கும் வெளிநாட்டுச் சான்றிதழ் ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டுவது வீண் செலவு என்றே நினைக்கிறேன்.

தேவையைச் சட்டமே உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. சிகிச்சையின் ஆபத்துகளில் எதையெல்லாம் நோயாளியிடம் சொல்ல வேண்டும் என்பதை மருத்துவர்களின் வழக்கம் மட்டும் தீர்மானிக்காது என்று 2006இல் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் மருத்துவர்களின் வழக்கம் என்ற பழைய அளவுகோல் தொடரும் என்று 2017இல் தெளிவுபடுத்தியது. பெரிய திருப்பம் 2024இல் அதே நீதிமன்றத்தின் தீர்ப்பாக வந்தது. ‘மருத்துவர் எங்கள் ஊழியர் அல்லர், சுயேச்சையாகத் தொழில் செய்பவர்’ என்று சொல்லித் தனியார் மருத்துவமனை நோயாளிக்கான பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள முடியாது என்றது அந்தத் தீர்ப்பு. இனி மருத்துவமனையின் ஏற்பாடுகளே கூண்டில் ஏறும்: எத்தனை தாதியர் இருந்தார்கள், ஷிஃப்ட் மாறும்போது தகவல் கைமாறியதா, அவசர சிகிச்சைத் தள்ளுவண்டியில் எல்லாம் இருந்ததா? அறுவை நிபுணரைவிட இதை நன்றாக அறிந்தவர் யார்?

நேரமும் குறுகியது. அரசு மருத்துவமனைமீது வழக்குத் தொடுக்க 36 மாதம். தனியார் என்றால் ஆறு ஆண்டு. துக்கத்திலேயே ஓராண்டு போய்விடுகிற வீட்டுக்கு 36 மாதம் பெரிதல்ல. சம்மதப் படிவம் மலாயில், வார்டுக் குறிப்பு ஆங்கிலச் சுருக்கெழுத்தில், ‘என்னதான் ஆச்சு?’ என்று பாட்டி கேட்பது தமிழில். மூன்றையும் வாசிக்கத் தெரிந்த தாதியர் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதை ஒரு தகுதியாகவே அவர்கள் எண்ணுவதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

எல்லைகளும் உண்டு. அறுவை நிபுணரின் கத்தி சரியாகப் போனதா என்று தாதி சாட்சி சொல்ல முடியாது; தாதிமை எப்படி நடந்திருக்க வேண்டும் என்று சொல்லலாம். நிபுணர் சாட்சியாக நின்றால், 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின்படி, பணம் கொடுத்தவரைவிட நீதிமன்றத்துக்கே முதல் கடமை. ‘கேஸ் போட்டா ஜெயிக்கும்மா’ என்று குடும்பத்திடம் சொல்வது 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் வழக்கறிஞருக்கு விட்டுவைத்த வேலை. தான் வேலை பார்த்த மருத்துவமனையின் கோப்பு வந்தால் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

தொடக்க வேலை வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. மருத்துவமனையின் புகார்ப் பிரிவுக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும், வழக்கு வருமுன்னே கோப்பை நேர்மையாக வாசித்துத் தர ஆள் வேண்டும். கூலியை மணிக்கணக்கில் முன்கூட்டியே பேசி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வென்றால் இழப்பீட்டில் பங்கு என்று யாராவது சொன்னால், அந்த மேசையை விட்டு எழுந்துவிடலாம்.