கால்பந்தும் இதயமும்

ஆடுகளத்தில் உடலை வருத்துபவனே வீரன், ஓய்வு கேட்பவன் சோம்பேறி என்னும் எண்ணம் நம் கல்வி நிலையங்களில் வேரூன்றி நிற்கிறது. இவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதைக் கால்பந்தாட்டக்காரரின் இதயத்தைக் கொண்டே எடுத்துரைக்க விழைகிறோம்.

2019 டிசம்பர் 29 அன்று கேரளத்துப் பெரிந்தல்மண்ணையில் எழுவர் கால்பந்துப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்த தனராஜன் களத்திலேயே சரிந்து உயிர்நீத்தார். வயது 39. பழனியிலிருந்து பொள்ளாச்சி வழியே இரயிலேறினால் வரும் பாலக்காடே அவர் ஊர். கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று பெருங்குழுக்களுக்கும் ஆடியவர். (1934 இல் கொல்கத்தா லீக் கோப்பையை வென்ற முதல் இந்தியக் குழு முகமதன் ஸ்போர்ட்டிங் என்பதை நம் முதியோர் அறிவர்.) பயிற்சியே அவர் உயிரைப் பறித்தது என்று நாம் கூற வரவில்லை. இளைஞரிடம் பிறவியிலேயே மறைந்திருக்கும் இதயத்தசை நோயும், முப்பத்தைந்தைக் கடந்தோரிடம் குருதிக்குழாய் அடைப்புமே இத்தகைய மரணங்களுக்குப் பெரும்பாலும் காரணம் என்பர் மருத்துவர். ஆயின், மறைந்திருக்கும் நோயைக் கடும் உழைப்பு தட்டி எழுப்பிவிடுகிறது.

அவ்வுழைப்பு உடலில் செய்வதென்ன? தசைநார்கள் நுண்ணிய அளவில் சிதைகின்றன. அவற்றைச் செப்பனிட உடல் தொடங்கும் வேலையே அழற்சி. முழு ஆட்டமொன்றில் ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் ஓடும் வீரரின் குருதியில் இன்டர்லூகின்-6 என்னும் பொருள் பன்மடங்கு உயர்கிறது. சி-ரியாக்டிவ் புரதம் அடுத்த நாளில் ஏறுகிறது. மாரடைப்பைக் கண்டறிய மருத்துவர் தேடும் ட்ரோபோனின்கூடச் சிறிது உயர்ந்து, ஓரிரு நாளில் தணிகிறது. நலமான இதயத்திற்கு இஃது வந்து போகும் அலை, அஞ்ச வேண்டுவதில்லை. ஆண்டுக்கணக்கில் முறையாகப் பயில்வோரிடம் அழற்சியின் அளவு உழைக்காதோரினும் குறைவாகவே காணப்படுகிறது. இதய அறைகள் விரிந்து ஒரு துடிப்பில் மிகுதியான குருதியைச் செலுத்துகின்றன. 1899 இலேயே சுவீடன் மருத்துவர் ஹென்ஷன், பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை விரலால் தட்டிப் பார்த்தே இவ்விரிவைக் கண்டறிந்தார்!

அலை தணியுமுன் அடுத்த அலையை எழுப்புவதே கேடு. நம் நடைமுறையோ அதுதான். ஆண்டு முழுதும் பந்தைத் தொடாத மாணவனைப் போட்டிக்குப் பத்து நாள் இருக்கையில் அழைத்துக் காலையும் மாலையும் ஓடவிடுகிறோம். பின்னர் நாள்தோறும் ஓர் ஆட்டம். கன்னிவாடி போன்ற மலையடிவார ஊர்களிலிருந்து வரும் மாணவர் சிலர் விடியலில் தோட்ட வேலைக்குக் கைகொடுத்துவிட்டு வருபவர். பயிற்சி தொடங்குமுன்பே அவர்கள் உடல் பாதி களைத்திருக்கிறது என்பதை எந்தப் பயிற்சியாளர் கேட்டறிகிறார்?

இதனினும் கொடியது காய்ச்சலோடு ஆடுவது. சில நச்சுயிரிக் காய்ச்சல்கள் இதயத்தசையிலேயே அழற்சியை உண்டாக்கும். அந்நிலையில் ஓடினால் துடிப்பு தடுமாறி நின்றுவிடக்கூடும். அவ்வழற்சி உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதம் களமிறங்கலாகாது என்பதே மருத்துவர் வகுத்த நெறி. நாமோ மாத்திரை ஒன்றைக் கொடுத்து, இறுதியாட்டம் ஆயிற்றே என்று முதுகில் தட்டி அனுப்புகிறோம். காய்ச்சலை மறைத்து ஆடியவனைப் பரிசளிப்பு மேடையில் புகழ்வதையும் கேட்டிருக்கிறோம். அப்புகழுரை நின்றாக வேண்டும்.

இத்தாலி நாட்டில் 1982 முதல் போட்டி வீரர் அனைவர்க்கும் ஈ.சி.ஜி. உள்ளிட்ட சோதனை கட்டாயமாயிற்று. அதன்பின் வெனெட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் மரணம் பத்தில் ஒன்றாகக் குறைந்தது. அத்துணை விரிவான ஏற்பாடு நம்மால் இயலாது எனலாம். குழுவில் இடம்பெறும் இருபது பேருக்கு ஆண்டுக்கொரு முறை ஈ.சி.ஜி. எடுப்பது இயலாததா?

2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க்கின் எரிக்சன் களத்தில் விழுந்தார். மார்பை அழுத்தியும் மின்னதிர்வுக் கருவியைப் பயன்படுத்தியும் அங்கேயே மீட்டனர். 2022 இல் மீண்டும் ஆடினார். துடிப்பு நின்றபின் மின்னதிர்வு தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைகிறது. கன்னிவாடியிலிருந்து திண்டுக்கல் மருத்துவமனைக்குச் செல்ல ஆகும் நேரத்தை இதனோடு வைத்து எண்ணிப் பார்க்கலாம். ஆகவே ஈ.சி.ஜி. சோதனை, மார்பை அழுத்தும் முறையில் மாணவர்க்குப் பயிற்சி, களத்தோரம் ஒரு மின்னதிர்வுக் கருவி ஆகிய மூன்றையும் அடுத்த விளையாட்டு விழாவின் செலவுக் கணக்கில், கோப்பைக்கும் சீருடைக்கும் முன்னதாக எழுதுமாறு கல்லூரி நிர்வாகத்தாரை வேண்டுகிறோம்.