ரெண்டு நூல் மரை

கோபத்தோடுதான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். ஞாயிறு இரவு பிடித்த கோபம் வியாழன் வரைக்கும் ஆறவில்லை.

2025 செப்டம்பர் 7, முழுச் சந்திர கிரகணம். இரவு 11 மணிக்கு நிலா முழுவதும் பூமியின் நிழலுக்குள் போனது. 82 நிமிடம் அதற்குள்ளேயே இருந்தது. ஆவடிப் பக்கத்து முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் பொழுதோடு சாப்பிட்டு முடித்து, மாவுப் பாத்திரத்திலும் ஊறுகாய் ஜாடியிலும் தர்ப்பையைப் போட்டு மூடிவிட்டன. மீதிப் பாதி மொட்டைமாடியில் இருந்தது. விமானப்படை வளாகம் பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் ஊரில் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நிற்க யாரும் யோசிப்பார்கள். வானத்தை அண்ணாந்து எடுப்பதற்கு யோசிக்க வேண்டியதில்லை. அன்றைக்கு வேண்டியதும் அதுதான்.

பக்கத்து வீட்டுப் பெண் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். சிவந்த நிலாவின் படம் ஒன்று வகுப்பில் காட்ட வேண்டும் என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எடுத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். என்னிடம் இருப்பது சின்னக் கேமரா, முன்னூறு கிராம் இருக்கும். ஆனால் ஜூம் நன்றாக நீளும். அதற்கென்று போன மாதம் ஒரு மூன்று கால் ஸ்டாண்டும் வாங்கியிருந்தேன்.

அன்று நள்ளிரவையொட்டி நிலா நமக்கு ஏறக்குறைய 70 பாகை உயரத்தில் இருந்தது. உச்சந்தலைக்குக் கொஞ்சம் கீழே. கேமராவை அவ்வளவு நிமிர்த்தினால் அதன் முழு எடையும் பின்பக்கம் தொங்கும். முழு மறைப்பில் நிலா பழைய செப்புக் குடம் போல மங்கிவிடுவதால் ஷட்டரை ஒன்றிரண்டு விநாடியாவது திறந்து வைக்க வேண்டும். அந்த ஒன்றிரண்டு விநாடி கேமரா அசையக் கூடாது. ஸ்டாண்டு தலையை ஆட்டிக்கொண்டே கீழே இறங்கியது. திருகை இறுக்கினேன். மறுபடி இறங்கியது. இன்னும் இறுக்கினேன். உள்ளே கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் திருகு லேசாகிவிட்டது. எத்தனை சுற்று சுற்றினாலும் பிடிக்கவில்லை. பிளாஸ்டிக்கில் அறுத்த மரை வழித்துக்கொண்டு போய்விட்டது. கேமரா விழுவதற்குள் பிடித்துவிட்டேன், அவ்வளவுதான். “அங்கிள், வந்துச்சா?” என்று அந்தக் குழந்தை கேட்டுக்கொண்டே இருந்தது. பன்னிரண்டரைக்கு நிலா வெள்ளை விளிம்போடு வெளியே வரத் தொடங்கியபோது அவள் மாடிப்படியில் தூங்கிப்போயிருந்தாள்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், பிளாஸ்டிக் மரையைப் பற்றி நான் எழுதுவது இது மூன்றாவது முறை. மிக்சி ஜாடியின் அடிப்பாகம் பற்றி எழுதினேன். தண்ணீர்த் தொட்டிக் குழாய் பற்றி எழுதினேன். இரண்டுக்கும் வந்த கடிதங்களைப் பார்த்தால் இது என் வீட்டுச் சங்கடம் மட்டும் இல்லை. ஒரு பொருளில் அதிகமாக வேலை செய்யும் இடம் எதுவோ அந்த இடத்தில்தான் காசை மிச்சம் பிடிக்கிறார்கள். கேமராவுக்கு இருபதாயிரம் கொடுக்கத் தயாராக இருக்கிற நாமும், அதைத் தாங்கும் பொருளுக்கு ஐந்நூறுக்கு மேல் ஏன் என்று கேட்கிறோம். தாங்குகிற பொருள் கண்ணுக்குத் தெரிவதில்லை. படத்தில் அது இருப்பதில்லையே.

திங்கள் காலை ஹார்டுவேர் கடைக்குப் போனேன். இரும்பு போல்ட் ஒன்று வாங்கி நானே சரிசெய்துவிடலாம் என்று நினைப்பு. கடைப் பையன் கேமராவின் அடியில் இருந்த துளையைப் பார்த்துவிட்டு ஆறு எம்எம் போல்ட் எடுத்துக் கொடுத்தான். சுற்றிப் பார்த்தேன். அழகாக உள்ளே போனது. அதோடு மிட்டனமல்லி பக்கம் போகும் வழியில் உள்ள லேத் பட்டறைக்குப் போய், இதற்கு ஒரு கைப்பிடி வைத்துக் கொடுங்கள் என்றேன்.

லேத்துக்காரர் போல்டைக் கையில் வாங்கி, நகத்தால் மரையை ஒரு தடவை தடவினார். “இதை எத்தனை சுத்து உள்ள விட்டீங்க சார்?”

“ரெண்டு சுத்து இருக்கும்ணே.”

“நல்லவேளை. மூணாவது சுத்து விட்டிருந்தா கேமராவோட மரை போயிருக்கும். இது எம்எம் மரை. கேமராவுக்கு எப்பவும் ரெண்டு நூல்தான்.”

நூல் என்பது தச்சர்களும் கொத்தனார்களும் இன்றைக்கும் பேசுகிற அளவு. ஓர் இஞ்சுக்கு எட்டு நூல். ரெண்டு நூல் என்றால் கால் இஞ்ச். மில்லிமீட்டரில் 6.35. ஆறு எம்எம் போல்ட் அதைவிட ஒரு மயிரிழை ஒல்லி, அதனால்தான் சுலபமாக உள்ளே போகிறது. ஆனால் அதில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1 மில்லிமீட்டர். கேமராவில் 1.27. முதல் இரண்டு சுற்றில் வித்தியாசம் தெரியாது. அதற்குப் பிறகு இறுகும். சரியாகப் பிடித்துக்கொண்டது என்று நாம் சந்தோஷப்படும் நேரத்தில் அது உள்ளே இருக்கும் மரையைக் கடித்துக்கொண்டிருக்கும்.

இந்தியாவில் மெட்ரிக் அளவுகளுக்கான சட்டம் வந்தது 1956-இல். ஜப்பான் எம்எம் நாடு, ஜெர்மனி எம்எம் நாடு. ஆனால் அங்கே செய்கிற கேமராவின் அடியிலும் கால் இஞ்ச் துளைதான், இஞ்சுக்கு 20 மரை. ஐ.எஸ்.ஓ. 1222 என்று அதற்கு உலகத் தர எண்ணே இருக்கிறது. இந்த 20 எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு போனால் 1841-இல் போய் நிற்கிறது. அதற்கு முன் இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை. ஒரு பட்டறையின் போல்ட் இன்னொரு பட்டறையின் நட்டில் ஏறாது. ஜோசப் விட்வொர்த் என்ற பட்டறைக்காரர் பல இடங்களில் இருந்து திருகாணிகளைச் சேகரித்து, அளந்து, அவற்றின் சராசரியை எடுத்து, இந்தத் தடிமனுக்கு இத்தனை மரை, கோணம் 55 பாகை என்று ஒரு கணக்கைச் சொன்னார். கால் இஞ்சுக்கு 20. பிற்பாடு அமெரிக்கர்கள் கோணத்தை 60 ஆக்கினார்கள். 20 அப்படியே நின்றுவிட்டது. நம் பக்கத்துக் கடைகளில் கால் இஞ்ச் போல்ட் கேட்டால் இன்றும் பல நேரம் கைக்கு வருவது விட்வொர்த் மரைதான். அதை நேற்று வந்த கேமராவில் ஏற்றினாலும் ஏறும். எல்லோருடைய மரையையும் அளந்து பார்த்துவிட்டுச் சொன்ன கணக்கு என்பதால்தான் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

லேத்துக்காரர் உடைந்த ஸ்டாண்டைப் பார்த்ததும் ஓரமாக வைத்துவிட்டார். “இதை ரிப்பேர் பண்ணாதீங்க. புதுசா ஒண்ணு பண்ணிடலாம். எதுக்கு எடுக்கிறீங்க, எவ்ளோ உசரம், எவ்ளோ சாய்க்கணும், அதைச் சொல்லுங்க” என்றார். கிரகணக் கதையைச் சொன்னேன். சொல்லிக்கொண்டே வரும்போதுதான் நுங்கம்பாக்கத்துத் தூணின் நினைவு வந்தது. அதையும் சொன்னேன்.

சென்னைக்காரர்களில் பலர் பார்த்திராத தூண் அது. நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் இருக்கிறது. புயல் சமயத்தில் தொலைக்காட்சியில் நாம் பார்க்கிறோமே, அதே வளாகம். 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே வானோக்குநிலையம் கட்டியது. வடிவமைத்தவர் மைக்கேல் டாப்பிங். முதலில் வைத்த கருவி ஒரு சிறிய தொலைநோக்கி. அது வடக்கு தெற்காக மட்டும் அசையும், பக்கவாட்டில் திரும்பாது. ஒரு விண்மீன் அந்த நேர்கோட்டைக் கடக்கும் கணத்தைக் குறித்து, அதைக்கொண்டு கடிகாரத்தைத் திருத்துவார்கள். அந்தச் சிறிய கருவிக்கு அவர்கள் நிறுத்திய ஸ்டாண்டு பத்து டன் எடையுள்ள ஒற்றைக் கருங்கல்.

பத்து டன் எதற்கு? பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுற்றுகிறது. ஒரு பாகையை 240 பங்கு போட்டு அதில் ஒரு பங்கு கருவி பக்கவாட்டில் திரும்பினால் நேரத்தில் ஒரு விநாடி தப்பும். அந்த விநாடியை நம்பித்தான் ஊரின் நேரமும் கப்பல்களின் கணக்கும் இருந்தன. பின்னாளில் ரயில்களும் மதராஸ் நேரப்படிதான் ஓடின. 1906-இல்தான் இந்திய நேரம் வந்தது. நாடு முழுக்க ரயில் நிலையத்தில் நின்று வண்டியைப் பார்த்தவர்களுடைய கடிகாரத்தின் வேர் நுங்கம்பாக்கத்தில் ஒரு கல்லின்மேல் இருந்தது.

அந்தக் கல்லில் தமிழிலும் பொறித்திருக்கிறார்கள், தெலுங்கிலும் இருக்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்து வருகிறவர்களுக்கும் தெரியட்டும் என்ற எண்ணம். நான் கைவைத்துப் பார்த்திருக்கிறேன். வெயிலில் சுட்டது. இதே டாப்பிங் 1794-இல் தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. சிந்தாமணி ரகுநாதாச்சாரி வேலை பார்த்ததும் இந்த வானோக்குநிலையத்தில்தான். 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அது என்ன என்று நம் மக்களுக்குப் புரியும்படி தமிழிலும் வேறு மொழிகளிலும் சிறுநூல் எழுதியவர். கிரகணத்தை நேரம் பிசகாமல் சொல்லும் பஞ்சாங்கம் வேண்டும் என்று பாடுபட்டவர். அவர் பெயரில் எங்கள் ஆவடிப் பக்கம் ஒரு தெருவாவது வேண்டும் என்று முன்பே எழுதியிருக்கிறேன். மறுபடியும் எழுதுகிறேன்.

லேத்துக்காரர் தூண் கதையை மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். “பத்து டன்னா? கிரேன் இல்லாத காலத்துல எப்படி சார் செங்குத்தா நிறுத்தினாங்க?”

எனக்கு அந்தக் கேள்வி இதுவரை தோன்றியதில்லை. டாப்பிங்கைப் பற்றிப் படித்திருக்கிறேன், கருவியைப் பற்றிப் படித்திருக்கிறேன். கல்லை உளியால் பிளந்தவர், கட்டையில் உருட்டியவர், வடம் பிடித்தவர், தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்து ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், நிறுத்து’ என்று சொன்னவர், இவர்களை நான் யோசித்ததில்லை. லேத்துக்காரருக்கு முதலில் நினைவுக்கு வந்ததே அவர்கள்தான்.

ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965-இல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளியே வந்தது. அதே காலத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வளர்ந்தது. அதற்கப்புறம் பிறந்த எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் ஃபிட்டர், டர்னர் படிக்காத வீடு குறைவு. இவரும் அப்படி வந்தவர்தான். அம்பத்தூரில் இருபது வருடம் ஜாப் ஒர்க், அதற்குப் பிறகு சொந்த லேத். ஒரு மயிரிழையில் பத்தில் ஒரு பங்கைக் கையால் தடவிச் சொல்கிற ஆட்கள் எங்கள் தெருக்களில் டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருக்கிறார்கள். ஸ்டாண்டை வாங்க நான் ஏன் வெளியே தேடிப் போனேன்?

செவ்வாய், புதன், இரண்டு நாள் மாலையும் பட்டறையில்தான் இருந்தேன். பழைய ஸ்டாண்டு ஏன் தலை சாய்ந்தது என்று முதலில் காட்டினார். அதில் கேமரா உட்காரும் இடம் ஒரு பக்கம், சாயும் அச்சு வேறொரு பக்கம். நிமிர்த்த நிமிர்த்த எடை அச்சைவிட்டு விலகிப் போகிறது. “எடை அச்சு மேலயே உக்காரணும் சார். அப்போ நட்டுக்கு வேலையே இல்ல.” இரண்டு இரும்புத் தகடுகளை எழுப்பி, நடுவில் கேமராவைத் தொட்டில் போலத் தொங்கவைத்தார். பக்கத் தகட்டில் வில்போல வளைந்த ஒரு காடி. அதில் ஓடும் போல்டுக்கு விங் நட். நட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஃபைபர் வாஷர், வழுக்காமல் இருக்க. இப்போது கேமராவை 70 பாகை நிமிர்த்தி, நட்டைத் தளர்த்தி, கையை எடுத்தாலும் அது விட்ட இடத்தில் நிற்கிறது. கையை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

கால்கள் சதுரக் குழாய், ஒன்றுக்குள் ஒன்று இறங்கும்படி. உயரத்தை வைத்து இறுக்க வெளிக்குழாயில் நட்டை வெல்ட் செய்து, அதில் ஒரு போல்ட். போல்டின் முனை உள்குழாயை நேராக அழுத்தினால் பள்ளம் விழும், பிறகு எப்போதும் அந்தப் பள்ளத்திலேயே போய் உட்காரும். அதனால் போல்டுக்கு முன்னால் ஒரு சின்னப் பித்தளைத் துண்டு வைத்தார். பித்தளை தேயும், இரும்பு பிழைக்கும். தேய்ந்தால் பத்து ரூபாய்க்கு வேறு துண்டு. பாதத்துக்குத் தாத்தாக்களின் கைத்தடி ரப்பர். மூன்று கால் போதும், நாலாவது கால் வேண்டாம். எந்த மேடுபள்ளத்திலும் மூன்றும் தரையைத் தொடும். நம் வீடுகளில் முக்காலி ஆடியதில்லை, நாற்காலிக்குத்தான் காகிதம் மடித்து வைத்தோம். நடுவில் ஒரு கொக்கி, மளிகைப் பையில் நாலு செங்கல்லைப் போட்டு மாட்டிக்கொள்ள. பத்து டன் கிடைக்காது, பத்து கிலோ கிடைக்கும்.

புதன் இரவு, தலைப்பகுதிமேல் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீரைத் தளும்பத் தளும்ப ஊற்றி வைத்தார். பட்டறைக் குழல்விளக்கு அந்தத் தண்ணீரில் ஒரே கோடாகத் தெரிந்தது. பக்கத்தில் நின்று காலால் ஓங்கித் தரையை உதைத்தார். கோடு நடுங்கியது. இருவரும் எண்ணினோம். ஒன்று, இரண்டு. நின்றுவிட்டது. செங்கல் பையை மாட்டி மறுபடி உதைத்தார். ஒன்றோடு நின்றது.

உள்குழாய்களை மட்டும் இன்னும் வெட்டவில்லை. அடுத்த கிரகணம் எப்போது என்று கேட்டார். 2026 மார்ச் 3, ஆனால் நம் ஊரில் நிலா உதிக்கும்போதே முழு மறைப்பு முடிந்திருக்கும், கடைசிப் பகுதியை மட்டும் சாயங்காலம் ஆறே முக்கால் வரை பார்க்கலாம் என்றேன்.

“அப்போ நிலா கீழ இருக்கும். கிழக்கால.”

“ஆமாண்ணே.”

“மாடியில கைப்பிடிச் சுவரு எவ்ளோ உசரம்?”

மூன்றடி என்றேன். குழந்தை எவ்வளவு உயரம் என்று அடுத்து கேட்டார். அவளும் பார்க்க வேண்டும் அல்லவா. கையால் காட்டினேன். சாக்பீஸை எடுத்து உள்குழாயில் இரண்டு கோடு போட்டார். சுவருக்கு மேலே ஒன்று, அவள் கண்ணுக்கு நேரே ஒன்று.